களத்தில் பழக்குவது எப்படி: விரிவாக்கப் பணியாளரின் மேற்பார்வையாளராகப் புதிதாகப் பொறுப்பேற்பவருக்கு ஒரு செய்முறை விளக்கம்

நான் பணிபுரிவது மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்திலுள்ள பெஸ்தாரி ஜெயாவில். பெரியவர்களுக்கு இது இன்னமும் பழைய பெயரில் பத்தாங் பெர்ஜுந்தைதான். இந்நாட்டில் செம்பனை (எண்ணெய்ப்பனை) முதன்முதலாக வணிக நோக்கில் 1917-ஆம் ஆண்டு நடப்பட்டது இவ்வூரை ஒட்டிய தென்னமரம் தோட்டத்தில்தான் (பெயரில் தென்னை, மண்ணில் செம்பனை!). பெருந்தோட்டங்களில் துரை (மேலாளர்), கிராணி (எழுத்தர்), மண்டோர் (வேலைக் கண்காணிப்பாளர்) என்று சொல்லிக்கொடுக்க ஆள் உண்டு. இரண்டு மூன்று ஏக்கர் வைத்திருக்கும் சிறு தோட்டக்காரரைத் தேடிப் போய் ஆலோசனை சொல்பவர் விரிவாக்கப் பணியாளர் ஒருவரே. அவரை வேலையின் ஊடே பழக்கும் பொறுப்பு மேற்பார்வையாளராகிய உங்களுடையது. கீழ்க்காணும் வரிசை, நான் தவறு செய்து திருத்திக்கொண்ட வரிசை.

முதல் படி: எத்தனை பேர், எந்த நாள் என்று தீர்மானித்துக்கொள்ளுங்கள்.

1970-களில் டேனியல் பெனோர் வகுத்து, உலக வங்கி பல நாடுகளில் பரப்பிய 'பயிற்சியும் வருகையும்' என்ற முறையில், ஏறத்தாழ எட்டுக் களப்பணியாளருக்கு ஒரு மேற்பார்வையாளர் என்றும், பயிற்சி இரண்டு வாரத்துக்கு ஒருமுறை என்றும், தோட்டக்காரரைச் சந்திக்கும் நாள் முன்கூட்டியே அறிவிக்கப்பட வேண்டும் என்றும் இருந்தது. அந்த முறை செலவு மிகுந்தது, மேலிருந்து கீழே இறங்கும் கட்டளைத் தன்மை கொண்டது என்ற குறைகள் சொல்லப்பட்டதுண்டு, அவை நியாயமானவையே. ஆயினும் எட்டுப் பேர் என்ற அளவு இன்றும் நடைமுறைக்குப் பொருந்துகிறது. அதற்கு மேல் போனால் நீங்கள் பார்க்கப்போவது ஆட்களை அல்ல, அறிக்கைகளை.

இரண்டாம் படி: ஒரு வருகைக்கு ஒரே ஒரு திறனைத் தேர்ந்தெடுங்கள்.

'இன்று தோட்டத்தைச் சுற்றிப் பார்ப்போம்' என்பது பயிற்சி ஆகாது. பழுத்த குலையை அடையாளம் காண்பது இன்றைய பாடம் என்றால் அது மட்டுமே இன்றைய பாடம். குலையிலிருந்து பழம் உதிர்ந்த புதிய குழி குறைந்தது பத்தாவது இருக்க வேண்டும், காம்பு 5 சென்டிமீட்டருக்கு மேல் நீண்டிருந்தால் ஆலையில் அது நீண்ட காம்புக் குலையாகக் கணக்கிடப்படும் என்ற இரண்டையும் பணியாளர் தம் கையால் தொட்டு எண்ணி, அளந்து பழகட்டும். உரக் குறிப்பேடு எழுதச் சொல்லிக்கொடுப்பதை வேறொரு நாளுக்கு வையுங்கள். 2020 ஜனவரி 1 முதல் மலேசிய நீடித்த செம்பனை எண்ணெய்ச் சான்றிதழ் கட்டாயமாகிவிட்டதால், அந்தக் குறிப்பேடும் தனியாக ஒரு நாளைக் கேட்கும் வேலைதான்.

மூன்றாம் படி: தோட்டக்காரர் இல்லாத இடத்தில் செய்துகாட்டுங்கள்.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், அமெரிக்கத் தொழிற்சாலைகளில் புதிய ஆட்களை விரைந்து பழக்குவதற்காக நான்கு படிகள் வகுக்கப்பட்டன: ஆயத்தப்படுத்துவது, செய்துகாட்டுவது, செய்யவிடுவது, பின்தொடர்வது. நம் வேலைக்கும் இவை பொருந்தும். ஆனால் ஒரு வேறுபாட்டை மறக்கக் கூடாது. இயந்திரம் யார் கை வைத்தாலும் ஓடும். தோட்டக்காரரோ யார் சொல்வதைக் கேட்பது என்று தாமே முடிவு செய்பவர். அவர் கண்ணெதிரே நீங்கள் வாத்தியாராகவும் பணியாளர் மாணவராகவும் நின்றுவிட்டால், அதன்பிறகு அந்தப் பணியாளரின் சொல் அங்கே ஏறாது. ஆகவே செய்துகாட்டுவதைச் சாலையோரத்து மரத்திலோ, அறிமுகமான வேறொருவர் தோட்டத்திலோ முடித்துக்கொள்ளுங்கள்.

எடுத்துக்காட்டாக, மரத்தின் உரத் தேவையை அறிய இலை மாதிரி எடுக்க 17-ஆவது மட்டையைக் கண்டுபிடிப்பது. முழுவதும் விரிந்த மட்டைகளில் மிக இளையதுதான் 1. அங்கிருந்து எட்டு எட்டாகக் கீழிறங்கினால் அதன் அடியில் 9, அதற்கும் அடியில் 17, சற்று ஒரு பக்கம் சாய்ந்த வரிசையில் வரும். சில மரங்களில் அந்தச் சுழற்சி இடமாகவும் சிலவற்றில் வலமாகவும் செல்லும்; புதியவர்கள் வழி தவறுவது இங்கேதான். பேசாமல் ஒருமுறை, காரணம் சொல்லிக்கொண்டே ஒருமுறை என்று இரண்டு முறை செய்துகாட்டுங்கள். பிறகு சுழற்சி மாறியிருக்கும் வேறொரு மரத்துக்குக் கூட்டிச்சென்று அவரை எண்ணச் சொல்லுங்கள்.

நான்காம் படி: செய்யவிட்டு, வாய் திறக்காமல் நில்லுங்கள்.

இது மிகக் கடினமான படி. என் மதிப்பில், மற்றவை எல்லாம் இதற்கான முன்னேற்பாடு.

சில ஆண்டுகளுக்கு முன் ஓய்வுபெற்ற தோட்டத் தொழிலாளியான ஒரு பெரியவரின் நிலத்துக்குப் புதிய பணியாளர் ஒருவரை அழைத்துச் சென்றிருந்தேன். அடி மட்டைகள் ஆரஞ்சு நிறத்தில் மஞ்சளித்திருந்தன. "ஐயா, யூரியா போதலன்னு நினைக்கிறேன்" என்றார் அந்தத் தம்பி. என்னால் பொறுக்க முடியவில்லை. முன்னே போய் ஒரு மட்டையை வளைத்து, ஒன்றின்மேல் ஒன்றாகப் படிந்திருந்த இரண்டு இலைகளில் மேலிருந்ததை விலக்கிக் காட்டினேன். வெயில் பட்ட இடம் மஞ்சள். மேல் இலையின் நிழல் விழுந்த இடம் அதே வடிவத்தில் பச்சை. மக்னீசியக் குறைவின் அடையாளம் அது. யூரியா தரும் நைட்ரஜன் குறைந்திருந்தால் இளம் மட்டைகள் உட்பட மரமே வெளிறியிருக்கும். பெரியவர் மகிழ்ந்துபோய்த் தேநீர் கொடுத்தார். அதற்குப் பிறகு ஆறு மாதமும் எது கேட்பதென்றாலும் எனக்கே அழைத்தார், தம்பியை வாசலில் நிறுத்தி, "உங்க பெரியவர் வரலையா?" என்று கேட்டார். என் விளக்கம் சரி. என் வேலையை நான் செய்யவில்லை.

அங்கே நான் செய்திருக்க வேண்டியது ஒன்றுதான்: "தம்பி, மேல் மட்டையும் இப்படித்தான் இருக்கிறதா, பார்த்துச் சொல்லுங்கள்" என்று ஒரு கேள்வி. மரத்தை அவரே அண்ணாந்து பார்த்திருப்பார், தம் சொல்லைத் தாமே திருத்தியிருப்பார். மேற்பார்வை என்றாலே கங்காணியைப் போல மேலே நின்று குரல் கொடுப்பது என்ற பழக்கம், தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) பிறந்து வளர்ந்த நம்மில் பலருக்கு அறியாமலே ஊறியிருக்கிறது. பத்தடி தள்ளி நில்லுங்கள். கையில் குறிப்பேட்டை வைத்துக்கொண்டால் வாய் தானாக அடங்கும். ஆலோசனை மரத்துக்கோ பணத்துக்கோ உடனே கேடு விளைவிக்கும் என்றாலோ, நச்சு மருந்தை முகமூடி இல்லாமல் கையாளப் போகிறார் என்றாலோ மட்டும் குறுக்கிடுங்கள்.

ஐந்தாம் படி: திரும்பும் வழியில் பேசுங்கள்.

வண்டியில் ஏறியதும், "எப்படிப் போனது?" என்று அவரையே முதலில் கேளுங்கள். பெரும்பாலும் தம் தவற்றை அவரே சொல்லிவிடுவார். நீங்கள் சொல்வது கண்ணால் கண்டதாக இருக்கட்டும். 'தன்னம்பிக்கை போதாது' என்பதால் பயனில்லை. 'அவர் கேட்ட விலை பற்றிய கேள்விக்குப் பதில் சொல்லாமல் உரத்துக்குத் தாவினீர்கள்' என்பது பயன்படும். திருத்தம் ஒன்று போதும். அதையும் அன்றே, அந்த வண்டியிலேயே சொல்லிவிட வேண்டும். மாதக் கூட்டத்தில் பிறர் முன்னிலையில் எடுத்தால் அது பயிற்சியாக இராது, விசாரணையாகிவிடும்.

ஆறாம் படி: எழுதி வையுங்கள், அதே நிலத்துக்குத் திரும்பிப் போங்கள்.

தேதி, தோட்டம், பார்த்த திறன், அவர் உதவியின்றிச் செய்தது, அடுத்து பார்க்க வேண்டியது என்ற ஐந்து வரி போதும். மூன்று வாரத்துக்குள் அதே நிலத்துக்குப் போனால்தான் சொன்ன உரம் போடப்பட்டதா, மழைக்கு முன்பே போட்டு அடித்துச் செல்லப்பட்டதா என்று பணியாளரே கண்ணால் காண்பார்; தோட்டக்காரர் ஏன் கேட்கவில்லை என்பதையும் அவர் வாயாலேயே கேட்பார். சில சமயம் காரணம் அறியாமை அல்ல, கையில் காசில்லை என்பதாக இருக்கும்.

ஏழாம் படி: விலகிக்கொள்ளுங்கள்.

ஒரு திறனை மூன்று வெவ்வேறு நிலங்களில் உங்கள் கேள்வி எதுவுமின்றிச் செய்துவிட்டார் என்றால், அந்தத் திறனுக்காக அவருடன் போவதை நிறுத்துங்கள். தோட்டக்காரர் வீட்டுச் சுவரில் ஒட்டியிருக்கும் தொடர்பு அட்டையில் உங்கள் எண் இருந்தால், அடுத்த முறை அதை அடித்துவிட்டுப் பணியாளரின் எண்ணைப் பெரிதாக எழுதிவிட்டு வாருங்கள். அதன்பின்னும் அழைப்பு உங்களுக்கே வந்தால், "தம்பியைக் கேட்டுப் பாருங்கள் ஐயா, அவருக்குத்தான் உங்கள் நிலம் தெரியும்" என்று சொல்லி வைத்துவிடுங்கள்.