அவர் ஓடினாரா, லைன் ஓடவைத்ததா? கல்லூரி ரன்னிங் பேக்கை எடைபோடும் முறை

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் பந்தைக் கையில் வாங்கி ஓடுகிற ரன்னிங் பேக் ஒருவரைப் பற்றி வாக்குவாதம் கிளம்பினால் இரண்டே வரிகளில் முட்டி நின்றுவிடும். "1,400 யார்டு ஓடியிருக்கிறாரே" என்பார் ஒருவர். "அந்த லைனுக்குப் பின்னால் யார் வேண்டுமானாலும் ஓடுவார்கள்" என்பார் இன்னொருவர். (லைன் என்பது முன்னால் நின்று எதிரணியைத் தடுத்து அவருக்கு வழி திறக்கும் ஐந்து பேர்.) இரண்டுமே உண்மையாக இருக்கலாம். சோதித்துப் பார்க்கவும் முடியும். லைன் சம்பாதித்துக் கொடுத்த யார்டையும் ரன்னிங் பேக் தானாகப் பிடுங்கிய யார்டையும் முதலில் பிரிக்க வேண்டும், அவ்வளவுதான்.

மூன்று ஆட்டங்களை எடுத்துக்கொள்ளுங்கள்: வலுவான டிஃபென்ஸுக்கு எதிராக ஒன்று, சுமாரான அணிக்கு எதிராக ஒன்று, கடைசிக் குவார்ட்டர் வரை இழுபறியாகப் போனது ஒன்று. சீசன் தொடக்கத்தில் ஒரு படி கீழான எஃப்.சி.எஸ். பிரிவு அணிகளுடன் ஆடும் ஆட்டங்கள் வேண்டாம். நான்காவது குவார்ட்டரில் மூன்று டச்டவுனுக்கு (பந்தை எதிரணியின் எல்லைக்குள் கொண்டுபோய் எடுக்கும் ஸ்கோர்) மேல் முன்னிலை இருக்கும்போது எடுத்த யார்டையும் ஒதுக்கி வையுங்கள்; அந்த நேரத்தில் எதிரில் நிற்பவர்களில் பலர் மாற்று ஆட்டக்காரர்கள். 50 ஓட்டம் வரை தேறினால் பேசத் தொடங்கலாம்.

ஒவ்வொரு ஓட்டத்தையும் மூன்று தடவை பாருங்கள். முதல் தடவை லைனை மட்டும், இரண்டாம் தடவை எதிரணித் தடுப்பின் இரண்டாம் வரிசையான லைன்பேக்கர்களை, மூன்றாம் தடவை ரன்னிங் பேக்கின் கால்களை. பந்தையே துரத்திப் பார்த்தால் எதுவும் பிடிபடாது. எந்த டவுன் (10 யார்டு முன்னேறக் கிடைக்கும் நான்கு வாய்ப்புகளில் எத்தனையாவது), எத்தனை யார்டு தேவை, பாக்ஸில் (லைனுக்கு எதிரே நெருக்கமான பகுதியில்) எதிராளிகள் எத்தனை பேர், எதிராளி முதலில் கைவைத்த இடம் எது, அதற்குப் பின் எத்தனை யார்டு நகர்ந்தார் என்பதையெல்லாம் ஒரே வரியில் குறித்துக்கொள்ளுங்கள்.

பாக்ஸ் கணக்கை, பந்து ஆட்டத்துக்குள் வரும் ஸ்னாப்புக்கு முன்பே எண்ணிவிட வேண்டும். ஐந்து லைன்மேன், அவர்களின் ஓரத்தில் நின்று தடுக்கும் ஒரு டைட் எண்ட் இருக்கும்போது எதிரில் 6 பேர் நின்றால் ஆளுக்கு ஆள் சரியாகிவிடுகிறது. 7 பேர் நின்றால் யாரோ ஒருவர் தடுப்பாரின்றி வருவார். அவரைக் கடப்பது ரன்னிங் பேக்கின் பாடு. பந்தை எறியும் குவார்ட்டர்பேக்கும் அதை வைத்துக்கொண்டு ஓடக்கூடியவர் என்றால் டிஃபென்ஸில் ஒருவர் அவருக்காக அரை நொடி தேங்குவார். அது ரன்னிங் பேக்குக்குச் சும்மா கிடைக்கும் சலுகை. இதை மறந்துவிட்டுத்தான் பலர் இரண்டு அணிகளின் ஆட்டக்காரர்களை ஒப்பிடுகிறார்கள்.

முதல் தொடுகை ஸ்க்ரிம்மேஜ் கோட்டை (பந்து ஆட்டத்துக்கு வரும் இடத்தை) தாண்டி 5 யார்டில் நடந்தால் அந்த ஐந்தில் பெரும்பங்கு லைனுடையது. கோட்டுக்கு 2 யார்டு பின்னாலேயே ஒருவர் இடுப்பைப் பிடித்து, அதிலிருந்து நழுவிக் கோட்டைத் தாண்டி 2 யார்டு போனால், ஸ்கோர் ஷீட்டில் வெறும் 2 என்றுதான் இருக்கும். ஆனால் அன்றைய ஆட்டத்திலேயே அதுதான் அவருடைய சிறந்த ஓட்டமாக இருக்கலாம்.

அடுத்து சராசரி. 20 ஓட்டத்தில் 130 யார்டு எடுத்தால் சராசரி 6.5. அதில் ஒன்று 70 யார்டு என்றால் மீதி 19 ஓட்டத்தில் கிடைத்தது 60, அதாவது 3.2-க்கும் குறைவு. அந்த 70 பொய்யில்லை, ஆட்டத்தையே திருப்பிய ஓட்டமாகக்கூட இருக்கலாம். ஆனால் "நம்பி இரண்டாவது டவுனில் பந்தைக் கொடுக்கலாமா" என்ற கேள்விக்கு அது பதில் சொல்லாது. அதற்கு வெற்றி விகிதம் வேண்டும்: முதல் டவுனில் தேவைப்பட்டதில் 50 சதவீதம், இரண்டாவதில் 70 சதவீதம், மூன்றாவதிலும் நான்காவதிலும் முழுவதும் கிடைத்தால்தான் அந்த ஓட்டம் வெற்றி. மூன்றாவது டவுனில் 12 யார்டு தேவைப்படும்போது 8 ஓடினால் சராசரி ஏறும், ஆனால் அது தோல்வி. 1 தேவைப்படும்போது 2 ஓடினால் சராசரி இறங்கும், ஆனால் அது வெற்றி. வெற்றி விகிதம் 50 சதவீதத்தைத் தொட்டால் நல்ல கணக்கு. அதோடு 15 யார்டுக்கு மேற்பட்ட ஓட்டங்கள் எத்தனை என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். சிலர் வெற்றி விகிதத்தில் கெட்டி, சிலர் நீண்ட ஓட்டங்களில். வாக்குவாதத்தில் பாதி இந்த இரண்டு ரகத்தையும் குழப்பிக்கொள்வதால் வருவது.

பார்வை, அதாவது வழியைக் கண்டுபிடிக்கும் திறன், ரசிகர்கள் அதிகம் தப்பாகப் பேசும் விஷயம். எந்த ஓட்டத் திட்டம் என்று தெரியாமல் அதை மதிப்பிட முடியாது. லைன் முழுதும் ஒரே பக்கம் நகர்ந்து தடுக்கும் இன்சைட் ஸோன் திட்டத்தில் அவர் லைனின் முதுகை ஒட்டிப்போய் லைன்பேக்கரை ஒரு பக்கம் இழுத்துவிட்டு, ஒரே ஒரு வெட்டில் மறுபக்கம் திரும்ப வேண்டும். சீக்கிரம் வெட்டினால் லைன்பேக்கர் நகர்ந்திருக்கவே மாட்டார், வழி அடைபடும். பவர், கவுண்ட்டர் போன்ற திட்டங்களில் எதிர்ப்பக்கத்திலிருந்து லைனில் ஒருவரான கார்டு சுற்றி வந்து வழி திறப்பார். அவருக்கு முன்னால் ஓடிவிடுகிற ரன்னிங் பேக் வேகமானவராகத் தெரிவார், ஆனால் தன் பிளாக்கரையே வீணாக்குகிறார்.

எல்லா ஓட்டத்தையும் வெளிப்பக்கம் கொண்டுபோகும் பழக்கம் இருக்கிறதா என்பதைத் தனியாக எண்ணுங்கள். கல்லூரி மைதானத்தில் இது தேவைக்கு மேல் பலிக்கும். காரணம் ஹாஷ் கோடுகள்; ஒவ்வொரு முறையும் பந்தை இவற்றின் மேலோ இடையிலோ வைத்துத்தான் தொடங்குவார்கள். மைதானத்தின் அகலம் 160 அடி. கல்லூரியில் இரண்டு ஹாஷ் கோடுகளுக்கு நடுவே 40 அடி. ஆகவே பந்து ஒரு ஹாஷில் இருந்தால் அகலமான பக்கத்தில் 100 அடி திறந்து கிடக்கும். தொழில்முறை லீகான என்.எஃப்.எல்.லில் அந்த இடைவெளி 18 அடி 6 அங்குலம்தான். அகலமான பக்கம் 89 அடி சொச்சத்துக்குச் சுருங்கிவிடும். அங்கே லைன்பேக்கர்களும் வேகம். சனிக்கிழமை கல்லூரி ஆட்டத்தில் 12 யார்டாக முடிகிற அதே ஓட்டம் ஞாயிற்றுக்கிழமை என்.எஃப்.எல்.லில் நஷ்டத்தில் முடியும். "அடுத்த மட்டத்தில் இவர் நிற்பாரா" என்ற வாதத்துக்கு, அகலமான பக்கம் வெளியே ஓடிக் கிடைத்த யார்டைக் கழித்துப் பார்ப்பது நல்ல சோதனை.

எத்தனை டேக்கிளை (பிடித்து வீழ்த்தும் முயற்சியை) உடைத்தார் என்பதைவிட யாருடைய டேக்கிள் என்பது முக்கியம். நேராக முட்டிய லைன்பேக்கரை உடைத்தால் பலம். பக்கவாட்டில் கையை மட்டும் நீட்டிய, ஓரத்தில் நிற்கும் கார்னர்பேக்கை உடைத்தால், எதிர்பார்க்கப்படுவதைச் செய்திருக்கிறார். வேகத்துக்கு, அணிகள் வெளியிடும் 40 யார்டு நேரங்களை நம்பாதீர்கள், என்.எஃப்.எல். கம்பைனில் (புதிய ஆட்டக்காரர்களுக்கான சோதனை முகாமில்) எடுத்த நேரம் கிடைத்தால் எடையோடு சேர்த்துப் பாருங்கள். பவுண்டில் எடையை 200-ஆல் பெருக்கி, நேரத்தின் நான்காம் அடுக்கால் வகுத்தால் ஒரு மதிப்பெண் வரும், 100 சராசரி. டெரிக் ஹென்றி 247 பவுண்டில் 4.54 விநாடி ஓடினார்: சுமார் 116. நேரத்தை மட்டும் பார்த்து "சாதாரணம்" என்றவர்களுக்கு, 2020-இல் அவர் என்.எஃப்.எல்.லில் ஓடிய 2,027 யார்டு பதில் சொன்னது.

ஃபம்பிளை (பந்தைக் கைநழுவ விடுவதை) மொத்த எண்ணிக்கையாகச் சொல்லாதீர்கள், பந்து கைக்கு வந்த தடவைகளால் வகுங்கள். விஸ்கான்ஸினில் ஜோனதன் டெய்லர் மூன்று சீசனில் 926 முறை ஓடி, 42 பந்து பிடித்து, 18 ஃபம்பிள் செய்தார். ஏறக்குறைய 54 தடவைக்கு ஒன்று. 100-க்கு ஒன்று என்றால் கவலைப்படத் தேவையில்லை, 54-க்கு ஒன்று என்பது பேச வேண்டிய குறை. அதே ஆள் 6,174 யார்டு ஓடினார் என்பதும் சேர்ந்தேதான் நிற்கிறது. பந்தை யார் மீட்டார்கள் என்பது பெரும்பாலும் அதிர்ஷ்டம். விழுந்ததா என்பதை மட்டும் கணக்கிடுங்கள். விழுந்த விதத்தையும் பாருங்கள்: இரண்டாவதாக வந்தவர் தட்டியபோது முழங்கை உடம்பைவிட்டு விலகியிருந்தால் அது திருத்தக்கூடிய பழக்கம்.

பந்து கையில் இல்லாத நேரம் அநேகமாக யார் வாயிலும் வராது. மூன்றாவது டவுனில் 7 யார்டுக்கு மேல் தேவைப்படும்போது அவர் மைதானத்தில் இருக்கிறாரா? வெளியே அழைத்துவிட்டால், பயிற்சியாளர் பாஸ் பாதுகாப்பில் அவரை நம்பவில்லை என்று சந்தேகிக்கலாம். உள்ளே இருந்தால், பிளிட்ஸ் (கூடுதல் ஆட்களைப் பாயவிடும் தாக்குதல்) வரும்போது குவார்ட்டர்பேக்குக்கு மிக அருகில் வருபவரை முதலில் எடுக்கிறாரா என்று பாருங்கள். வெளியிலிருந்து வருபவரைத் துரத்திவிட்டு நடுவழியைத் திறந்துவிட்டால் அது ஆளை அடையாளம் காணாத தப்பு. சரியான ஆளை எடுத்தும் தலையைக் குனிந்து பாய்ந்து தவறவிட்டால் அது நுட்பத் தப்பு; இது சீக்கிரம் சரியாகும்.

பந்து பிடிப்பதில் ஒரே சீசனை வைத்துத் தீர்ப்புச் சொல்வது ஆபத்து. பாய்ஸி ஸ்டேட்டின் ஆஷ்டன் ஜென்ட்டி 2024-இல் பிடித்தது 23 பந்து, 138 யார்டு. அதை மட்டும் பார்த்தால் "பாஸ் ஆட்டத்துக்கு உதவாதவர்" என்று தோன்றும். முந்தைய ஆண்டு அவரே 43 பந்தில் 569 யார்டு எடுத்திருந்தார்.

சாதனைப் பட்டியலை இழுக்கும் முன் விதிகளைப் பாருங்கள். 1988-இல் ஓக்லஹோமா ஸ்டேட்டின் பேரி சாண்டர்ஸ் எடுத்த 2,628 யார்டு 11 ஆட்டத்தில், 344 ஓட்டத்தில் வந்தது. ஜென்ட்டியின் 2,601 வந்தது 14 ஆட்டத்தில், 374 ஓட்டத்தில். சீசன் முடிவில் நடக்கும் பௌல் ஆட்டங்கள் அதிகாரபூர்வக் கணக்கில் சேர்ந்ததே 2002 சீசனிலிருந்துதான். சாண்டர்ஸ் ஹாலிடே பௌலில் ஓடிய 222 யார்டு அவருடைய மொத்தத்தில் இல்லை. இன்னொன்று: கல்லூரியில் குவார்ட்டர்பேக் சாக் ஆகி (பந்தை எறியும் முன் வீழ்த்தப்பட்டு) இழக்கும் யார்டு அணியின் ஓட்டக் கணக்கில் கழியும். அணியின் சராசரியைக் காட்டி "லைன் மோசம்" என்பவரிடம், முதலில் சாக்குகளை நீக்கிவிட்டு வரச் சொல்லுங்கள்.

"மென்மையானவர்", "பெரிய ஆட்டத்தில் காணாமல் போகிறவர்" போன்றவற்றைச் சோதிக்க வழியில்லை. "மூன்றாவது டவுனில் 2 யார்டுக்குள் தேவைப்பட்ட 9 ஓட்டத்தில் 4 மட்டும் வெற்றி, தவறிய ஐந்தில் மூன்றில் கோட்டுக்குப் பின்னாலேயே தொடப்பட்டார்" என்பது போலச் சொன்னால், எதிர்த்தரப்பு வீடியோவைத் திறந்து பார்த்தாக வேண்டும். அதிலேயே குறை லைனுக்கு எவ்வளவு, அவருக்கு எவ்வளவு என்பதும் பிரிந்துவிடுகிறது.

இத்தனைக்குப் பிறகும் இழுபறி என்றால் அதே அணியின் இரண்டாவது ரன்னிங் பேக்கைப் பாருங்கள். அதே லைன், அதே திட்டம், அதே எதிரணி. முதல் பாதியில், ஸ்கோர் நெருக்கமாக இருக்கும்போது அவருக்குக் கிடைத்த ஓட்டங்களை மட்டும் எடுக்க வேண்டும். களைத்துப்போன டிஃபென்ஸுக்கு எதிராகக் கடைசிக் குவார்ட்டரில் அவர் எடுக்கும் 8 யார்டு ஒப்பீட்டுக்கு ஆகாது.