ஈறுல ரத்தம் வருதுன்னு அந்த இடத்தை மட்டும் விட்டுட்டு பல் தேய்க்கறீங்களா?

ரொம்ப பேர் பண்றது இதுதான். பிரஷ்ல ரத்தத்தை பார்த்ததும் பயந்துபோய் அந்தப் பக்கம் பிரஷ்ஷே படாம தேய்ப்பாங்க, ஆனா அங்க அழுக்குப் படலம் தேங்கி ஈறு வீங்கினதாலதான் பெரும்பாலும் ரத்தமே வருது, விட்டா இன்னும் சேரும், நாளாக நாளாக காரையா கெட்டியாயிடும், அப்புறம் எந்த பிரஷ்ஷுக்கும் அசையாது, பல் டாக்டர்தான் சுரண்டி எடுக்கணும். மெதுவா ஆனா விடாம தேய்ங்க. ரெண்டு வாரமாகியும் நிக்கலைன்னா டாக்டர்கிட்ட காட்டிடுங்க.

மெதுவான்னு ஏன் சொல்றேன்னா அடுத்த தப்பே அதுதான், அடிப்பிடிச்ச பாத்திரம் தேய்க்கற மாதிரி அழுத்தறது. நானும் ரொம்ப வருஷம் ஹார்ட் பிரஷ்தான் நல்லா சுத்தம் பண்ணும்னு நம்பிட்டு இருந்தேன். புதுசா படியற படலம் மெத்துனு தான் இருக்கும், சாஃப்ட் பிரஷ்ஷே போதும். அழுத்தினா ஈறு விலகி வேர் வெளிய தெரியும், ஜில்லுனு எது பட்டாலும் சுரீர்னு கூசும், தேஞ்ச எனாமல், அதான் பல்லோட கெட்டியான மேல் படலம், திரும்ப வளரவும் வளராது. ஈறும் பல்லும் சேர்ற இடத்துல பிரஷ்ஷை 45 டிகிரி சாய்ச்சு வெச்சு சின்ன சின்னதா அசைச்சு 2 நிமிஷம் தேய்ங்க. வாங்கி 3 மாசம்கூட ஆகல, அதுக்குள்ள நார் எல்லாம் விரிஞ்சு கிடக்குன்னா நீங்க அழுத்தறீங்கன்னு அர்த்தம்.

தேய்ச்சு முடிச்சதும் வாய் நிறைய தண்ணி ஊத்தி கொப்பளிக்கறதும் வேண்டாம். நுரையை துப்பினா போதும், பேஸ்ட்ல இருக்கற ஃப்ளோரைடு கொஞ்ச நேரம் பல்லுல இருந்தாதான் வேலை செய்யும். உடனே மவுத்வாஷ் போடறதும் அதே கதைதான், ஃப்ளோரைடு பேஸ்ட்ல பொதுவா 1000 பிபிஎம் (பத்து லட்சத்துல 1000 பங்கு) பக்கமோ அதுக்கு மேலயோ இருக்கும், தினமும் போடற மவுத்வாஷ்ல பெரும்பாலும் 225 பக்கம்தான், அதிகமா இருக்கறதை கழுவிட்டு கம்மியானதை ஊத்திக்கறோம்!

எலுமிச்சை ஜூஸ், சோடா குடிச்சதும் பிரஷ்ஷை எடுக்காதீங்க, புளிப்புல எனாமல் கொஞ்சம் இளகி இருக்கும், அரை மணி நேரமாவது போகட்டும். ராத்திரி தேய்க்காம படுக்கறதை சொல்லவே வேணாம், தூங்கும்போது எச்சில் சுரக்கறது குறைஞ்சிடும், கழுவி விட ஆளே இல்ல.

அப்புறம் பல் இடுக்கு. அங்க பிரஷ் போகவே போகாது, குண்டூசி, குச்சியெல்லாம் விட்டு குத்தாம ஃப்ளோஸ், அதான் பல் இடுக்குக்கான மெல்லிசு நூல், அதை விடுங்க. புதுசா ஆரம்பிக்கறப்போ சில நாள் லேசா ரத்தம் வரலாம், அதைப் பார்த்துட்டு மறுபடியும் நிறுத்திடாதீங்க.