பொலிஸைக் கூப்பிடுமுன்: பாடசாலைகள் செய்யும் தவறுகள்

நான் படிப்பித்த ஒரு தோட்டப் பாடசாலையில் ஏழாம் வகுப்பில் 500 ரூபாய் காணாமல் போனது. சந்தேகம் ஒரு பையன் மேல். பயங்காட்டினால் உண்மை வருமென்று ஒருவர் பொலிஸுக்கு அழைக்க, ஜீப்பே வந்துவிட்டது. மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த தாய், இடுப்பில் கட்டிய படங்கையும் அவிழ்க்காமல் ஓடிவந்தார். அன்றைக்கு அவருக்கு அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம்தான். காசு மாலையில் வரவு இடாப்புக்குள்ளேயே கிடைத்தது. பையனுக்கோ ஆண்டு முடியும்வரை ‘ஜீப்’ என்றே பட்டப்பெயர்.

பொலிஸைப் பூச்சாண்டியாக்குவதுதான் நான் அதிகம் கண்ட தவறு. பையனுக்கு வயது 11. 2018இல் திருத்தப்பட்ட இலங்கைச் சட்டப்படி 12 வயதுக்குட்பட்ட பிள்ளை செய்வது குற்றமே ஆகாது. 12க்கும் 14க்கும் இடையில் என்றால், செய்ததன் விளைவு புரியும் பக்குவம் பிள்ளைக்கு இருந்ததா என்று நீதவான் பார்ப்பார். சின்னத் திருட்டு, இடைவேளைக் கைகலப்பு, உடைந்த கண்ணாடி எல்லாம் அதிபரும் பெற்றோரும் உட்கார்ந்து பேச வேண்டியவை. சட்டைப்பையில் மாவா என்ற பாக்கு-புகையிலைப் போதைக் கலவைப் பொட்டலம் இருந்தாலும் முதலில் வீட்டாரிடம்தான் பேச வேண்டும். அதை விற்ற கடையைப் பற்றித்தான் பொலிஸுக்குச் சொல்ல வேண்டும். நாம் செய்வது பெரும்பாலும் தலைகீழ்.

இதைவிடப் பாரதூரமானது, சொல்ல வேண்டியதை மறைப்பது. பாலியல் துன்புறுத்தல், கத்தி, பலத்த காயம், ஆசிரியரே அடித்துக் காயப்படுத்தியது என்றால் ‘பாடசாலைப் பெயர் கெட்டுவிடும்’ என்ற பேச்சு வந்துவிடும். தோட்டத் தலைவரையும் கூட்டிவைத்து தொழிலாளர் குடியிருப்பான லயத்திலேயே முடித்துவிடப் பார்ப்பார்கள். பாலியல் விடயத்தில் 16 வயதுக்குட்பட்ட பிள்ளை ‘சம்மதித்துத்தான்’ என்ற கதை சட்டத்தில் எடுபடாது. சமாதானம் பேச அதிபருக்கும் அதிகாரமில்லை, தலைவருக்கும் இல்லை.

அப்புறம், விசாரணை என்ற பெயரில் வகுப்பாசிரியர், ஒழுக்காற்றுக் குழு, அதிபர் என்று ஆளுக்கொரு தடவை பிள்ளையிடம் கேட்பது. நான்காவது தடவை பிள்ளை எதையாவது மாற்றிச் சொல்லும். அல்லது வாயே திறக்காது. பிறகு வழக்கில் அதுவே ஓட்டை. பிள்ளை முதலில் சொன்னதை அதன் வார்த்தையிலேயே எழுதி, திகதியும் நேரமும் போட்டுவிட்டு, தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929க்கு அழையுங்கள். தமிழிலேயே பேசலாம். ஆபத்து கண்முன்னே என்றால் பொலிஸின் 119. உடுப்பைக் கழுவச் சொல்லாதீர்கள், தடயம் போய்விடும். பதற்றத்தில் நல்லவர்களே அதைச் செய்துவிடுகிறார்கள்.

பொலிஸ் வந்தாலும் பிள்ளையைத் தனியே ஜீப்பில் அனுப்பிவிட்டு வகுப்புக்குப் போகக்கூடாது. பெற்றோர் வரும்வரை ஓர் ஆசிரியர் கூடவே இருக்க வேண்டும். நம் பக்கத்தில் இன்னொன்றும் உண்டு: தமிழில் சொன்னதைச் சிங்களத்தில் எழுதி ‘கையெழுத்து வை’ என்பார்கள். வாக்குமூலத்தைத் தமிழில் கொடுப்பது உரிமை. எழுதியதை வாசித்து விளக்கும்வரை, நேரமானாலும் சரி, பேனாவைத் தொடவேண்டாம்.