சோலார் ஹீட்டரின் திறனை மொட்டை மாடியிலேயே அளப்பது எப்படி?

'தண்ணீர் சூடாகவில்லை' என்பதை மட்டும் வைத்துக் கோளாறு கலெக்டரிலா (வெயிலை வாங்கி நீரைச் சூடாக்கும் பகுதி), டேங்கிலா, குழாயிலா என்று சொல்ல முடியாது. குழாயில் முதலில் வரும் சூட்டையும் நம்ப வேண்டாம். டேங்கில் சூடான நீர் மேலேயும் குளிர்ந்தது கீழேயும் நிற்பதால், உள்ளே பாதி டேங்க் பச்சைத் தண்ணீராக இருந்தாலும் முதல் வாளி கொதிக்கக் கொதிக்க வரும். 100 லிட்டர், 2 சதுர மீட்டர் தட்டைக் கலெக்டர் கொண்ட ஹீட்டரை ஒரே நாளில் சோதிக்கும் முறை இது.

ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர், 10 லிட்டர் வாளி, மல்டிமீட்டர், 10 வாட் சோலார் பேனல் வேண்டும். வெயிலை அளக்கும் பைரனோமீட்டர் விலை அதிகம். அதன் வேலையைப் பேனல் ஓரளவு செய்துவிடும். பேனலின் ஷார்ட் சர்க்யூட் கரன்ட் (இரண்டு ஒயர்களையும் மீட்டர் வழியாக நேரடியாக இணைத்தால் ஓடும் கரன்ட்) வெயிலுக்கு ஏற்ற விகிதத்தில் ஏறி இறங்கும். பின்பக்க ஸ்டிக்கரில் Isc என்று இருக்கும் இதன் அளவு, சதுர மீட்டருக்கு 1000 வாட் வெயிலுக்கானது. அங்கே 0.60 ஆம்பியர் என்றிருந்து மீட்டர் 0.48 காட்டினால் வெயில் 800 வாட். மீட்டரை 10 ஆம்பியர் ரேஞ்சில் வையுங்கள்; பேனல் கலெக்டரின் அதே சாய்வில், அதே திசையில் இருக்கட்டும்.

கரன்ட் ஹீட்டிங் காயில் இருந்தால் முந்தைய நாளே அணைத்துவிடுங்கள். விடியுமுன், வெளிவரும் நீர் உள்ளே போகும் நீரின் சூட்டுக்கு இறங்கும்வரை திறந்துவிட்டு, அந்த வெப்பநிலையைக் குறியுங்கள். பிறகு மாலை 5 மணிவரை யாரும் வெந்நீர்க் குழாயைத் தொடக் கூடாது (வீட்டில் இதுதான் கஷ்டமான வேலை). காலை 7 முதல் அரை மணிக்கு ஒருமுறை வெயிலை எழுதுங்கள்.

மாலையில் வாளி வாளியாகப் பிடித்து, ஒவ்வொன்றையும் கலக்கி அளந்து, அப்போது உள்ளே போகும் நீரைவிட எத்தனை டிகிரி கூடுதல் என்று எழுதுங்கள். வித்தியாசம் 1 டிகிரிக்கு வந்ததும் நிறுத்தலாம். எல்லா வித்தியாசங்களும் சேர்ந்து 350 என்றால், 10 லிட்டரால் பெருக்க 3500 கிலோ கலோரி. மேல்நிலைத் தொட்டி நீர் பகலில் தானே சூடேறும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். காலையில் 28, மாலையில் 31 என்றால் 3 டிகிரியை 100 லிட்டரால் பெருக்கி 300 சேருங்கள். மொத்தம் 3800. ஒரு யூனிட் என்பது 860 கிலோ கலோரி என்பதால், இதை 860-ஆல் வகுத்தால் 4.4 யூனிட் வெப்பம்.

10 மணி நேரச் சராசரி வெயில் 500 வாட் என்றால் சதுர மீட்டருக்கு 5 யூனிட். 2 சதுர மீட்டருக்கு 10. ஆக, திறன் 44 சதவீதம். தெளிந்த வெயிலில் 40 முதல் 50 வரை நல்ல நிலை. 30-க்குக் கீழே போனால் காரணம் தேட வேண்டும். தட்டைக்குப் பதில் வெற்றிடக் கண்ணாடிக் குழாய்கள் கொண்ட மாடலில் பரப்பளவுக் கணக்கே வேறு என்பதால் அந்தச் சதவீதத்தை இதோடு ஒப்பிடாதீர்கள்.

திறன் குறைந்தால், நடுப்பகலில் கலெக்டரின் மேல், கீழ்க் குழாய்களின் சூட்டை அளவிடுங்கள். 10–15 டிகிரி வித்தியாசம் இயல்பு. 30-ஐத் தாண்டினால் நீரோட்டம் தடைபட்டிருக்கிறது. மேல்குழாய் டேங்க்வரை ஏற்றமாகவே போக வேண்டும். நடுவில் தொய்ந்தால் ஏர்லாக், அதாவது காற்று தங்கி நீரை மறிக்கும். அது இல்லையென்றால் போர் தண்ணீரின் உப்புப் படிவு. உள்ளே இருக்கும் செம்புக் குழாய்கள் அரை அங்குலம்தான், சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். டேங்க் வால்வுகளை மூடி, கலெக்டரை மூடுதுணியால் போர்த்தி, லிட்டருக்கு 50 கிராம் சிட்ரிக் அமிலம் கரைத்த நீரைச் சின்ன பம்பால் சுற்றவிட்டு, பின் நன்றாக அலசுங்கள். உப்பு மிகுந்த ஊரில் ஹீட் எக்ஸ்சேஞ்சர் மாடலே (கலெக்டரில் தனி நீர் சுற்றி, டேங்க் நீரோடு கலக்காமல் சூட்டை மட்டும் கொடுப்பது) சரி.

மாலைக் கணக்கு நன்றாக இருந்தும் காலையில் சூடில்லையா? இன்னொரு நாள், நீரை மாலையில் பிடிக்காமல் மறுநாள் விடியலில் பிடித்து அளந்தால் இரவு இழப்பு தெரிந்துவிடும். இரவில் மேல்குழாய் வெதுவெதுப்பாக இருந்தால் நீர் பின்னோக்கி ஓடுகிறது. டேங்கின் அடி கலெக்டரின் உச்சியைவிட 30 செ.மீ. உயரத்திலாவது இருக்க வேண்டும்.

கண்ணாடிக் குழாயின் நுனியில் வெள்ளி நிறம் வெளுத்திருந்தால் வெற்றிடம் போய்விட்டது. அந்தக் குழாயை மாற்றுவதே வழி. வெயிலில் காலியாகக் காய்ந்த குழாய்களில் பகலில் தண்ணீர் விடாதீர்கள், வெடிக்கும். மறுநாள் விடியலில் நிரப்புங்கள்.