தென்தீவை மோட்டார்ஹோமில் சுற்ற: நியூசிலாந்துக்குக் கிளம்புமுன் தெரிந்துகொள்ள வேண்டியவை

கிறைஸ்ட்சர்ச்சில் மோட்டார்ஹோமை, அதாவது படுக்கை, சமையலறை, கழிப்பறை எல்லாம் உள்ள வாடகை வண்டியை, எடுத்து டெக்காப்போ ஏரி, அவோராகி மவுண்ட் குக், குயின்ஸ்டவுன், தே அனாவ், மில்ஃபோர்ட் சவுண்ட் என்று தெற்கே இறங்குங்கள். திரும்பும்போது வானகா, மேற்குக் கரையில் உள்ள ஹாஸ்ட், ஃபிரான்ஸ் ஜோசப், ஹொகிட்டிகா, பிறகு ஆர்தர்ஸ் பாஸ் வழியாகக் கிறைஸ்ட்சர்ச்சுக்கே வந்துவிடலாம். இதற்கு 12 நாளாவது வேண்டும். பத்து நாள்தான் விடுமுறை என்றால் மேற்குக் கரையை விட்டுவிடுங்கள். எல்லாவற்றையும் திணித்தால் ஸ்டியரிங்கைத் தவிர வேறெதையும் பார்த்திருக்க மாட்டீர்கள். மேப் காட்டும் நேரத்தோடு கால் பங்கு கூட்டிக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு 200 கிலோமீட்டர் போதும்.

வண்டியைக் கையில் வாங்கும்போது ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். கண்ணாடி, கூரை, அடிப்பாகம் மூன்றையும் போட்டோ எடுங்கள். கூரைக்கும் அடிப்பாகத்துக்கும் ஏற்படும் சேதம் பல காப்பீடுகளில் சேராது, அதைக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். டீசல் விலையைப் பார்த்து ஏமாறாதீர்கள்: டீசல் வண்டிக்குச் சாலைப் பயன்பாட்டுக் கட்டணம் தனி, ஓடிய கிலோமீட்டரைக் கணக்கிட்டுக் கடைசியில் வசூலிப்பார்கள். முக்கியமாக, டீசல் ஊற்றும் வாய் எது, தண்ணீர் ஊற்றும் வாய் எது என்று விரல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். டீசல் டேங்கில் தண்ணீரை விட்டுவிட்டுப் பயணத்தையே இழந்தவர்கள் உண்டு. அதற்கும் காப்பீடு கைகொடுப்பது அரிது.

இனி, பயணத்தின் தாளத்தையே தீர்மானிக்கிற விஷயம்: தண்ணீரும் கழிவும். வண்டியில் மூன்று இருக்கின்றன. நல்ல தண்ணீர் டேங்க், பாத்திரம் கழுவிய தண்ணீர் போய்ச் சேரும் டேங்க், கழிப்பறையின் கீழே இழுத்து எடுக்கிற கேசட். கேசட் 20 லிட்டருக்கு உட்பட்டதுதான்; இருவர் இருந்தால் இரண்டு மூன்று நாளில் நிரம்பிவிடும். சிவப்பு விளக்கு எரியும்வரை காத்திருக்காமல் ஒருநாள் விட்டு ஒருநாள் காலி செய்யுங்கள். கழிவு கொட்டும் நிலையம் பெரும்பாலான ஊர்களில் உண்டு. முதலில் அழுக்குத் தண்ணீர்க் குழாயை வடிகாலில் விட்டு வால்வைத் திறக்க வேண்டும். அடுத்து கேசட்டை எடுத்துப் போய், காற்றுத் துளைப் பொத்தானை அமுக்கிப் பிடித்தபடி மெதுவாகச் சாய்த்து ஊற்றுங்கள். பொத்தானை அமுக்காமல் சாய்த்தால் குபுக் குபுக்கென்று காலில் தெறிக்கும். இரண்டு முறை அலசி, கொஞ்சம் தண்ணீரும் கேசட்டுக்கான மருந்தும் ஊற்றி உள்ளே தள்ளுங்கள். கை கழுவிய பிறகு, குடிநீர் என்று எழுதிய வேறு குழாயில் டேங்கை நிரப்புங்கள். கேசட் அலசும் குழாயில் ஒருபோதும் குடிநீர் பிடிக்கக் கூடாது.

விளக்கும் தண்ணீர் பம்பும் 12 வோல்ட் பேட்டரியில் ஓடும். பிளக் பாயிண்ட்டும் மைக்ரோவேவும் பொதுவாக முகாமில் மின் கேபிளைச் செருகினால்தான் வேலை செய்யும். மூன்று நாளுக்கு ஒரு இரவு மின்வசதியுள்ள முகாமில் தங்குங்கள், எல்லாம் ஒரே இடத்தில் முடியும். மற்ற இரவுகளுக்கு இயற்கைப் பாதுகாப்புத் துறையின் எளிய முகாம்கள் போதும். மவுண்ட் குக் அடிவாரத்தில் உள்ள வைட் ஹார்ஸ் ஹில் அதில் அருமையானது. அனுமதி இல்லாத இடத்தில் வண்டியைப் போட்டுத் தூங்கினால் 400 நியூசிலாந்து டாலர் அபராதம். இலவசமாகத் தங்கவிடும் இடங்களிலும் பெரும்பாலும் வண்டிக்குள் நிலையாகப் பொருத்திய கழிப்பறையும் அதற்கான சான்று அட்டையும் கேட்பார்கள்.

நம்மூர் போலவே இடப்பக்கம்தான் ஓட்ட வேண்டும், அது நிம்மதி. மொத்த எடை 3,500 கிலோவைத் தாண்டும் வண்டிக்கு வேகம் 90 கிலோமீட்டர்தான். பின்னால் கார் சேர்ந்தால் அகலமான இடத்தில் ஒதுங்கி வழிவிடுங்கள். மேற்குக் கரையில் ஒற்றை வழிப் பாலங்கள் நிறைய. சிவப்பு வட்டத்துக்குள் உங்கள் பக்க அம்பு சிறிதாகவும் சிவப்பாகவும் இருந்தால் எதிரே வருபவர் போகும்வரை நில்லுங்கள். பலத்த காற்றில் கதவைத் திறக்கும்போது கைப்பிடியை விடாதீர்கள், கீல் பிய்ந்துவிடும்.

சாம்பார்ப் பொடி, பருப்பு, நெய், இனிப்பு எதுவானாலும் விமான நிலையப் படிவத்தில் கட்டாயம் எழுதுங்கள். எழுதினால் அதிகம் போனால் பொருளை எடுத்துக்கொள்வார்கள், மறைத்தால் 400 டாலர். கறிவேப்பிலையைக் கொண்டுபோகவே வேண்டாம். வண்டிக்குள் தாளித்தால் புகை அலாரம் அலறும். கூரை ஜன்னலையும் விசிறியையும் முதலில் திறந்துவிட்டுக் கடுகைப் போடுங்கள். வண்டி ஓடும்போது கேஸ் சிலிண்டர் வால்வு மூடியிருக்கட்டும்.

தே அனாவிலிருந்து மில்ஃபோர்டுக்குச் சுமார் 120 கிலோமீட்டர். டேங்கைத் தே அனாவிலேயே நிரப்பிக்கொண்டு விடியற்காலையில் கிளம்புங்கள். குளிர்காலத்தில் டயர் சங்கிலி கையில் இருக்க வேண்டும். வழியில் வரும் ஹோமர் சுரங்கப்பாதை 1.2 கிலோமீட்டர், உள்ளே இறக்கம். முன்னமே கியரைக் குறைத்து விடுங்கள். சுரங்க வாயில் சிக்னலில் நிற்கும்போது கியா கிளிகள் வந்து வைப்பர் ரப்பரைக் கொத்திப் பிய்க்கும். பாவம் என்று பிஸ்கட் போடாதீர்கள், அது அந்தப் பறவைக்குத்தான் கேடு.