40 எம்பிபிஎஸ் சராசரிக்கு எவ்வளவு இணைப்பு வேண்டும்? ஹர்ஸ்ட் எண்ணை வைத்துக் கணக்கிடும் முறை

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வர்த்தில் ஒரு கோயில் மண்டபம். 100 எம்பிபிஎஸ் (நொடிக்கு 100 மெகாபிட்) ஃபைபர் இணைப்பு என்று வைத்துக்கொள்வோம். தைப்பூசக் காவடி நேரலையில் படம் உறைகிறது. ரவுட்டர் வரைபடமோ 40 எம்பிபிஎஸ் என்கிறது. அது 5 நிமிடச் சராசரி. படம் உறைய அரை நொடி நெரிசல் போதும்.

வரிசையில் காத்திருக்கும் நேரத்தைக் கணக்கிடும் எம்/எம்/1 ஃபார்முலாவும் கைகொடுக்காது. பாக்கெட் (தரவு பிரிந்து போகும் சிறு துண்டு) சராசரி 1000 பைட் என்றால், இணைப்பு 95% நிரம்பினாலும் தாமதம் 1.6 மில்லிசெகண்டுதான் என்று அது சொல்லும். பாக்கெட்டுகள் ஒன்றோடொன்று தொடர்பில்லாமல் வருகின்றன என்பது அதன் அனுமானம். 1989 முதல் 1992 வரை அமெரிக்காவின் பெல்கோர் நிறுவனத்தில் எடுத்த ஈதர்நெட் அளவீடுகள் இதை உடைத்தன: எவ்வளவு நீண்ட இடைவெளிக்குச் சராசரி எடுத்தாலும் ஏற்ற இறக்கம் எளிதில் அடங்கவில்லை. அந்த அடங்காமையின் அளவே ஹர்ஸ்ட் எண். (நைல் நதி வெள்ளத்தை ஆராய்ந்த பொறியாளரின் பெயர் அது.)

படி 1: சுவிட்சின் மிரர் போர்ட்டில் (மற்ற போர்ட்டின் டிராஃபிக்கை நகலெடுத்துத் தரும் போர்ட்) லேப்டாப்பை மாட்டி, நெரிசலான ஒரு மணி நேரத்தை டிசிபிடம்ப் என்ற பதிவு நிரலில் பதியுங்கள். அதேபோன்ற வயர்ஷார்க் வேண்டாம், நீண்ட பதிவில் நினைவகத்தைத் தின்றுவிடும். ஒவ்வொரு பாக்கெட்டிலும் முதல் 96 பைட் போதும். ஆனால் கூட்டும்போது பாக்கெட்டின் அசல் நீளத்தையே எடுங்கள், பிடித்த நீளத்தை அல்ல.

படி 2: போகும் திசையை மட்டும் பிரித்து, 10 மில்லிசெகண்டுக்கு ஒன்றாகக் கூட்டினால் 3,60,000 எண்கள் வரும். எதுவும் வராத இடைவெளிக்குப் பூஜ்யம் இட மறக்காதீர்கள்.

படி 3: அடுத்தடுத்த எண்களை 100, 200, 400 என 3,600 வரை தொகுதிகளாக்கிச் சராசரி எடுத்து, ஒவ்வோர் அளவுக்கும் அந்தச் சராசரிகளின் விலக்க வர்க்கச் சராசரியை (வேரியன்ஸ்) காணுங்கள். இரு அச்சும் மடக்கையான தாளில் தொகுதி அளவையும் அதையும் வரைந்தால் இறங்கும் கோடு கிடைக்கும். அதன் சாய்வு −0.4 என்றால் ஹர்ஸ்ட் எண் 1 − 0.2 = 0.8. தொடர்பற்ற டிராஃபிக்குக்கு இது 0.5.

தொடக்கம் ஏன் 100, அதாவது ஒரு நொடி? லண்டன் சர்வருக்குப் போய்வர 150 மில்லிசெகண்டை ஒட்டி ஆகிறது. அந்த அளவில் தெரிவது டிசிபியின் (அனுப்பும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் நெறிமுறை) சொந்தத் துடிப்பு. அதைக் கோட்டில் சேர்த்தால் சாய்வு கெடும்.

பெரும்பாலோர் வழுக்குவது இங்கேதான். லோட் ஷெடிங் (சுழற்சி மின்வெட்டு) மலிந்த 2023 பதிவு ஏதாவது கையில் இருந்தால் பாருங்கள். மொபைல் டவர் பேட்டரி தீர்ந்ததும் எல்லாரும் மண்டப வைஃபைக்குத் தாவுவார்கள். டிராஃபிக் ஒரே படியாக ஏறும். அந்த ஒற்றைப் படியே ஹர்ஸ்ட் எண்ணை 0.95க்கு மேல் தள்ளிவிடும். அது நெரிசலின் இயல்பு அல்ல, போலி. ஒரு மணி நேரத்தை ஆறாக வெட்டுங்கள். ஆறு சராசரிகளும் வெகுவாக விலகினால் அந்தப் பதிவை ஒதுக்குங்கள். நிரலைச் சோதிக்க, எண்களின் வரிசையைக் குலுக்கி மறுபடி ஓட்டுங்கள். 0.5 வராவிட்டால் பிழை நிரலில்.

படி 4: ஃபின்லாந்துக் கணிதவியலாளர் நோரோஸ் 1994இல் தந்த ஃபார்முலா. முதலில் கே = ஹ^ஹ × (1−ஹ)^(1−ஹ); ஹ என்பது ஹர்ஸ்ட் எண். 0.8க்கு கே 0.606.

கூடுதல் வேகம் = (கே × √(−2 × இழப்பு வாய்ப்பின் இயல்மடக்கை) × திட்ட விலக்கம்)^(1/ஹ) ÷ பஃபர்^((1−ஹ)/ஹ)

ஒரு நொடித் திட்ட விலக்கம் 10 மெகாபிட், பஃபர் (ரவுட்டரில் பாக்கெட்டுகள் காத்திருக்கும் இடம்) 2 மெகாபிட், இழப்பு வாய்ப்பு 0.001 என்றால் கூடுதல் 41 எம்பிபிஎஸ். சராசரி 40ஐச் சேர்த்தால் 81 தேவை. 100இல் ஓரளவு இடம் இருக்கிறது. சராசரி 55 ஆனால் இருக்காது: சராசரி ஏறினால் திட்ட விலக்கமும் ஏறும்.

பஃபரை இரட்டிப்பாக்கினால்? ஹர்ஸ்ட் எண் 0.5 ஆக இருந்தால் கூடுதல் தேவை பாதியாகும். 0.8இல் 16% மட்டுமே குறையும், தாமதமோ ஏறும். பெரிய பஃபருக்குச் செலவழிக்காமல் வேகத்தை வாங்குங்கள்.

பின்சேர்க்கை: 1514 பைட்டைத் தாண்டிய பாக்கெட்டுகள் தெரிவதாகச் சிலர் கேட்டிருந்தீர்கள். பதியும் லேப்டாப்பின் நெட்வொர்க் கார்டோ இயங்குதளமோ பல பாக்கெட்டுகளை ஒன்றாக ஒட்டித் தருகிறது. லினக்ஸின் ஈத்டூல் கட்டளையில், ஒட்டும் வேலையைச் செய்யும் ஜிஆர்ஓ, எல்ஆர்ஓ இரண்டையும் அணைத்துவிட்டு மறுபடி பதியுங்கள்.