டிஸப்பியர்: முன்னாடி 'வாஸ்' போடாம எழுதுறது எப்படி

டிஸப்பியர்னா என்னன்னு கேட்டா காணாம போறதுன்னு எல்லாரும் டக்குனு சொல்லிடுவோம், ஆனா அதை வச்சு ஒரு வரி எழுதுன்னா நம்மள்ல நிறைய பேர் எழுதுறது 'மை ஃபைல் வாஸ் டிஸப்பியர்ட்', இல்லன்னா 'காட் டிஸப்பியர்ட்'. நானும் ரொம்ப வருஷம் அப்படித்தான் எழுதினேன். ஒருதடவை வேலை விஷயமா ஒரு மெயில்ல 'தி ஃபைல் வாஸ் டிஸப்பியர்ட்'னு போட்டேன், பதில்ல 'யாரு எடுத்தாங்க?'ன்னு கேட்டு வந்துச்சு. யாரும் எடுக்கல, ஃபோல்டர்ல இல்ல, அவ்ளோதான் நான் சொல்ல வந்தது. அந்த ஒரு 'வாஸ்' போட்டதால யாரோ வேணும்னு பண்ணின மாதிரி ஆயிடுச்சு.

ஏன் இந்த தப்பு வருதுன்னா, தமிழ்ல நாம 'காணாம போச்சு'ன்னு ரெண்டு வார்த்தையா சொல்றோம், அந்த 'போச்சு'க்கு இங்கிலீஷ்லயும் ஏதாவது ஒண்ணு வேணும்னு மனசு தேடுது, 'வாஸ் ஸ்டோலன்', 'வாஸ் ப்ரோக்கன்' எல்லாம் ஏற்கனவே பழக்கம், அதே அச்சுல இதையும் ஊத்திடறோம். ஆனா திருடறதுக்கு ஒரு ஆள் வேணும், உடைக்கறதுக்கும் ஒரு ஆள் இருக்கலாம், டிஸப்பியர் அப்படி இல்ல, காணாம போற பொருளே அதை செய்யுது. 'வந்துச்சு', 'விழுந்துச்சு' மாதிரி தனியா நிக்கற வினை. அதனால 'தி ஃபைல் டிஸப்பியர்ட்', முடிஞ்சுது. இதே காரணத்தால 'ஐ டிஸப்பியர்ட் மை ஃபோன்'னும் வராது, நீங்க தொலைச்சிருந்தா அது 'ஐ லாஸ்ட் மை ஃபோன்'.

'ஹேஸ்', 'ஹேவ்' மட்டும் தாராளமா போடலாம், போடவும் வேணும். 'மை கீஸ் ஹேவ் டிஸப்பியர்ட்'னா சாவி இப்பவும் கிடைக்கல, தேடிட்டு இருக்கேன்னு அர்த்தம். நேத்து, காலைலன்னு நேரம் சொன்னா ஹேவ் வேணாம், 'மை கீஸ் டிஸப்பியர்ட் எஸ்டர்டே'. ஒரு பொருள் அடிக்கடி காணாம போயிட்டே இருந்தா 'மை பென்ஸ் கீப் டிஸப்பியரிங்'. வீட்லயும் ஆபீஸ்லயும் இது எவ்ளோ தடவை தேவைப்படும்னு யோசிச்சு பாருங்க, எனக்கு பிடிச்ச வாக்கியம் இது. கொஞ்சம் கொஞ்சமா இல்லாம போறதுக்கு 'இஸ் டிஸப்பியரிங்', உதாரணத்துக்கு 'தி ஸ்கார் இஸ் டிஸப்பியரிங்', தழும்பு மறைஞ்சுட்டு வருது.

இன்னொரு சிக்கல், தமிழ்ல 'காணோம்'னு ஒரே வார்த்தைல முடிக்கறதை இங்கிலீஷ் மூணா பிரிக்குது. நான் தொலைச்சேன்னா லாஸ்ட். இருக்க வேண்டிய இடத்துல இல்லன்னா மிஸ்ஸிங், 'ஒன் பேஜ் இஸ் மிஸ்ஸிங்'. இப்ப வரைக்கும் இருந்துச்சு, திடீர்னு பார்த்தா இல்லன்னா டிஸப்பியர்ட். பேப்பர்ல 'சிறுவன் மாயம்'னு தலைப்பு போடறாங்களே, அதுக்கு 'பாய் மிஸ்ஸிங்' தான் பொருந்தும். 'மறைந்தார்'ங்கறத மட்டும் கண்டிப்பா டிஸப்பியர்ட்னு மாத்திடாதீங்க, இறந்துபோனவரைப் பத்தி 'ஹி டிஸப்பியர்ட்'னு எழுதினா படிக்கறவங்க அவர் எங்கயோ காணாம போயிட்டார்னு நினைப்பாங்க, அங்க 'பாஸ்ட் அவே' தான் வரணும். கதவுக்குப் பின்னாடி ஒளிஞ்சிருந்தா அது ஹைட், அதுவும் டிஸப்பியர் இல்ல.

பின்னாடி வர்ற சின்ன வார்த்தைலயும் கவனம் வேணும். 'கூட்டத்துல மறைஞ்சுட்டான்'னு நாம சொல்றதால 'இன் தி க்ரௌட்'னு எழுத வருது, ஆனா கூட்டத்துக்குள்ள போய் மறையறான் இல்லையா, அதனால 'ஹி டிஸப்பியர்ட் இன்டு தி க்ரௌட்'. மேகத்துக்குப் பின்னாடின்னா 'பிஹைன்ட் தி க்ளௌட்ஸ்'. ஸ்க்ரீன்ல இருந்து போயிடுச்சுன்னா 'ஃப்ரம் தி ஸ்க்ரீன்'. ரொம்ப நாள் கழிச்சு பேசற ஃப்ரெண்டுகிட்ட 'ஆளையே காணோமே'ன்னு உரிமையா கேட்போம்ல, அதுக்கு 'வேர் டிட் யூ டிஸப்பியர் டு?'. கடைசில அந்த 'டு' வரும். ஒண்ணை இல்லாம பண்றதுக்கு மேக் சேர்க்கணும், 'திஸ் வில் மேக் தி பெயின் டிஸப்பியர்', நடுவுல 'டு' வராது. வாட்ஸ்அப்ல டிஸப்பியரிங் மெசேஜஸ்னு ஒரு செட்டிங் இருக்கு பாருங்க, 24 மணி நேரம், 7 நாள், 90 நாள்னு நாம நேரம் குறிச்சு விட்டுடறோம், அப்புறம் மெசேஜ் தானா போயிடுது. அந்த 'தானா'ங்கறது தான் இந்த வினையோட குணம்.

இவ்ளோ சொல்லிட்டு ஒண்ணு சொல்லாம விட முடியாது. 'வாஸ் டிஸப்பியர்ட்' சரியா வர்ற இடம் ஒண்ணு இருக்கு, அது கொடுமையான இடம். அரசாங்கமோ ஆயுதக் குழுவோ ஒருத்தரைப் பிடிச்சுட்டுப் போய், அவர் எங்க இருக்கார்னு யாருக்கும் தெரியாம பண்ணிட்டா 'ஹி வாஸ் டிஸப்பியர்ட்'. 1976ல இருந்து 1983 வரைக்கும் அர்ஜென்டினாவுல ராணுவ ஆட்சி அப்படி ஆயிரக்கணக்கான பேரை இல்லாம பண்ணுச்சு, அவங்களைக் குறிக்கற ஸ்பானிஷ் வார்த்தையை ஒட்டித்தான் இங்கிலீஷ்லயும் 'தி டிஸப்பியர்ட்'னு புழக்கத்துக்கு வந்துச்சு. இதுக்கு எதிரா ஐ.நா. 2006ல ஒரு உடன்படிக்கை கொண்டு வந்துச்சு, ஆகஸ்ட் 30 அவங்களை நினைக்கற நாள். நம்ம மொழில இதுக்கு 'காணாமல் ஆக்கப்பட்டோர்'னு சொல்றாங்க, 'காணாமல் போனோர்' இல்ல. பிள்ளையைத் தேடி வருஷக்கணக்கா தெருவுல நிக்கற ஒரு அம்மாவுக்கு இந்த 'போன'வுக்கும் 'ஆக்கப்பட்ட'வுக்கும் நடுவுல இருக்கறது தான் எல்லாமே. 'வாஸ்' போட்டா 'யாரு பண்ணாங்க?'ன்னு கேள்வி வர்றதும் இதனாலதான்.

எழுதும்போது எஸ் ஒண்ணு, பி ரெண்டு. அப்பியர்ங்கற வார்த்தைக்கு முன்னாடி டிஸ் ஒட்டியிருக்குன்னு ஞாபகம் வச்சா ஸ்பெல்லிங் தப்பாது. சொல்லும்போது அழுத்தம் கடைசில, 'பியர்'ல விழணும், முடிஞ்சு போனதைச் சொல்றப்ப 'டிஸப்பியரெட்' இல்ல, 'டிஸப்பியர்ட்'.